பழைய பாய்மரப் படகின் காக்பிட்டைப் புதுப்பிப்பது எப்படி?

காக்பிட் என்றதும் நண்பர்களுக்கு ஆகாய விமானம்தான் ஞாபகம் வரும். பாய்மரப் படகிலும் காக்பிட் உண்டு. பெரும்பாலும் படகின் பின்பகுதியில், தொட்டி மாதிரிப் பள்ளமாக, கூரையில்லாமல் இருக்கும் இடம் அது. சுக்கான் பிடிப்பதும், பாய்க் கயிறு இழுப்பதும், அலை அடித்தால் முதலில் நனைவதும் அங்கேதான். அங்கிருந்து ஒரு சிறிய வாசல் வழியாக உள் அறைக்கு இறங்கலாம்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். அப்பா பைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்தவன் நான்தான் முதல். போன விடுமுறையில் ஒரு படகுப் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். 1970-களில் இங்கிலாந்தில் கட்டிய 26 அடி பைபர் பாய்மரப் படகு ஒன்று காக்பிட் வேலைக்காகக் கரையேறி நின்றது. அங்கே கற்றதை இங்கே எழுதுகிறேன்.

பழசுக்குச் செலவு வீணா?

"இத்தனை வருஷத்துப் படகுக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்கலாம். 2022-ல் தொடங்கிய கோல்டன் குளோப் உலகம் சுற்றும் போட்டியில் 1988-க்கு முன் வடிவமைத்த சிறு படகுகளுக்கு மட்டுமே அனுமதி. அதில்தான் நம் நாட்டின் அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். 1968-69-ல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 'சுஹைலி' என்ற 32 அடிப் படகு மும்பையில் கட்டியதுதான். ஆக, வயது குற்றமில்லை. சரியான பராமரிப்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் தண்ணீர், பிறகுதான் பெயின்ட்

படகுக்காரர் புது மெத்தை, புது பெயின்ட், கயிறு இழுக்க புது வின்ச் எல்லாம் கேட்டார். மேஸ்திரியோ, "தம்பி, மொதல்ல தண்ணி போற வழியப் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டார். காரணத்தைக் கணக்குப் போட்டால் தெரியும்.

காக்பிட் 1.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 0.4 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அலையில் அது நிறைந்தால் 600 லிட்டர். கடல் நீர் என்பதால் எடை சுமார் 615 கிலோ. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பின்பக்கம் ஏறி உட்கார்ந்த மாதிரி! பின்பக்கம் அமிழ்ந்துவிட்டால் அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறும்.

இந்தத் தண்ணீர் வெளியேற எவ்வளவு நேரமாகும்? ஹைட்ராலிக்ஸில் படித்த துவாரச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். 25 மில்லிமீட்டர் துவாரம் இரண்டு இருந்தால் தோராயமாக 12 நிமிடம். அதையே 50 மில்லிமீட்டராக்கினால் 3 நிமிடம். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கல்லவா! குழாயின் உராய்வும் வளைவும் சேர்ந்தால் நேரம் இன்னும் கூடும். பழைய படகுகள் பலவற்றில் வடிகால் சிறியதாகவே இருக்கும். அதிலும் ஒரு சிகரெட் அட்டை அடைத்துக்கொண்டால் முடிந்தது கதை.

நாங்கள் பழைய குழாய்களை எடுத்துவிட்டுப் பெரியது வைத்தோம். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துவாரத்துக்கு அடைப்பு வால்வு.

1979 சொல்லும் பாடம்

1979 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பாஸ்ட்நெட் பாய்மரப் போட்டி நடந்தது. 303 படகுகள் புறப்பட்டன. நடுவழியில் புயல். போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள். 5 படகுகள் மூழ்கின. உள் அறை வாசலை மூடும் பலகைகள் கழன்று போனதும், ஆளைப் படகோடு பிணைக்கும் வார்களும் அவற்றை மாட்டும் இடங்களும் சில படகுகளில் தாங்காமல் போனதும் அப்போது தெரியவந்தது.

அதனால் இந்தப் படகின் வாசல் பலகைகளுக்கு, படகு கவிழ்ந்தாலும் விழாதபடி தாழ்ப்பாள் போட்டோம். இருக்கைக்குக் கீழே சாமான் வைக்கும் பெட்டிகளின் மூடிக்கு ரப்பர் விளிம்பும் கொண்டியும் வைத்தோம். வாசலை விட்டு வெளியே கால் வைப்பதற்கு முன்பே வாரை மாட்டிக்கொள்ள வசதியாக வாசலருகில் எவர்சில்வர் வளையம் பொருத்தினோம்.

தட்டிப் பார், சத்தம் சொல்லும்

பழைய பைபர் படகுகளில் காக்பிட் தரை பெரும்பாலும் சாண்ட்விச் போல. மேலும் கீழும் பைபர், நடுவே பால்சா மரம் அல்லது பிளைவுட். ஏதாவது ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் நடு மரம் உளுத்துவிடும். மேலே பார்த்தால் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல இடம் 'டக் டக்' என்னும். கெட்ட இடம் 'பொத் பொத்' என்னும்.

கெட்ட இடத்தில் மேல் தோலை வெட்டி எடுத்து, உளுத்த மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, மரைன் பிளைவுட்டை எபாக்சியில் ஒட்டி, மேலே கண்ணாடி இழைத் துணி போட வேண்டும். எபாக்சி கலக்கும்போது சூடாகும். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். பைபரைத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வின்ச், வளையம் எதையும் வெறும் ஸ்க்ரூவில் மாட்டக் கூடாது. ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் மறுபடி துளைக்க வேண்டும். அப்போது தண்ணீர் மரத்தைத் தொடாது. அடியில் அகலமான தகடு வைத்து போல்ட் போட்டால் இழுவிசை பரவலாகிவிடும். அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு என்று முதலாண்டில் படித்ததுதான்!

கடைசியில் தரைக்கு பெயின்ட். ஈரம் காயும் முன் சலித்த மணலைத் தூவி, மேலே இன்னொரு பூச்சு. நனைந்த காலும் வழுக்காது.

நம் வீட்டுப் படகுக்கும் இதே கணக்கு

ஊருக்கு வந்ததும் அப்பாவின் படகைத் தட்டிப் பார்த்தேன். "என்னடா, வைத்தியம் பாக்குறியா?" என்று சிரித்தார். இன்ஜின் மாட்டிய இடத்தில் இரண்டு போல்ட்டுக்கு நடுவே 'பொத்' என்றது. போல்ட்டுக்கு அடியில் சின்ன வாஷர்தான் இருந்தது. காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு அவரே சுத்தியலை வாங்கித் தட்டிப் பார்த்தார். "எத்தனை நாளு தகடு வேலை?" என்று கேட்டார். இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை. தகடு வைத்த பிறகுதான் போனார்.

நண்பர்களே, துவாரச் சூத்திரமும் அழுத்தச் சூத்திரமும் பரீட்சை முடிந்ததும் மறந்துபோக அல்ல. கடலோர ஊர்களிலிருந்து வரும் நம் மாணவர்கள் வீட்டுப் படகை ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஒரு சின்னச் சுத்தியல் போதும்.