குழவி மாறினால் மாவு அரைபடுமா?

"ஐயா, வயித்தை முறுக்கிப் பிழியுது. சோறே இறங்கல" என்றபடி உட்கார்ந்தார் அந்த நாற்பது வயதுக்காரர். முகம் வெளுத்திருந்தது. நாடி பார்த்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு ஓரத்தில் கருநீலக் கோடு!

"மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"மூலத்துக்கு நாலு மாசமா நாக பற்பம் சாப்பிடறேங்க."

பொட்டலத்தை நீட்டினார். லேபிள் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கமாக இருந்தது.

சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் அதே சொல் ஈயத்தைக் குறிக்கும். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும்.

ஆட்டுக்கல்லும் குழவியும்

உடம்புக்குள் நடக்கும் வேலைகளைச் செய்து முடிப்பவை என்சைம்கள் எனும் நொதிகள். நொதி ஆட்டுக்கல் என்றால், பல நொதிகளுக்கு உலோகம்தான் குழவி. குழவி இல்லாத ஆட்டுக்கல்லில் மாவு அரைபடுமா?

பெரியவர் ஒருவரின் உடம்பிலுள்ள மொத்தத் துத்தநாகம் 2 முதல் 3 கிராம்தான். 300-க்கும் மேற்பட்ட நொதிகள் அதை நம்பி இருக்கின்றன. ரத்தச் சிவப்பணுவிலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் அவற்றில் ஒன்று. அதில் துத்தநாகம் இருப்பது 1940-ல் தெரியவந்தது. கரியமில வாயுவை நுரையீரல் வரை கொண்டுபோக உதவுவது இதுதான். தோலுக்கு நிறம் தரும் நொதிக்குத் தாமிரம் வேண்டும்.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் 'ஹீம்' தயாராகும்போது, இரண்டாவது படியில் வேலை செய்யும் நொதிக்கும் துத்தநாகமே குழவி. ஈயம் வந்தால் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்தக் குழியில் தான் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அரைக்காது! கடைசிப் படியில் இரும்பைச் சேர்க்கும் நொதியையும் கெடுக்கும். ரத்தசோகை வராமல் என்ன செய்யும்? ஈயம் உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரை இரும்பு டானிக் மட்டும் குடித்துப் பயனில்லை. குழந்தைகளுக்கோ மூளையே பாதிக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பயறு, கடலை, எள், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் துத்தநாகம் உண்டு. தானியத்திலும் பயறிலும் உள்ள பைட்டேட் அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்கவைத்தால் பைட்டேட் குறையும். பாட்டி காலத்து இட்லி மாவும் முளைப்பயறும் சும்மா வந்ததல்ல!

துத்தநாக மாத்திரையை நீங்களாக மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அளவு மீறினால் தாமிரம் உடம்பில் சேராது. அதனாலும் ரத்தசோகை வரும்.

எங்கள் துறையினர் சிலருக்கு இது கசக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன்: பற்பம், செந்தூரம் எதுவானாலும் படித்த மருத்துவர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். லைசென்ஸ் எண்ணும் பேட்ச் எண்ணும் இல்லாத பொட்டலத்தை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

சில மாதம் கழித்து அவர் வந்தார். முகத்தில் களை திரும்பியிருந்தது.

"ஐயா, மூலத்துக்கு இப்ப என்ன சாப்பிடறது?"

"கீரை, மோர், நிறையத் தண்ணி. முதல்ல அதைச் சாப்பிடுங்க" என்றேன்.