உதிரும் அணுக்களும் வீங்கும் மூட்டுகளும்



இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். நான் மருத்துவன் அல்லன்; பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் நம் ஆலயத்திற்கு வரும் மூத்தோர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு, படித்து அறிந்தவரை விளக்கம் தர விரும்புகிறேன். "வாத்தியாரே, அடியும் படவில்லை, புண்ணும் இல்லை. பிறகு ஏன் மூட்டு வீங்குகிறது?" என்பதே அக்கேள்வி.

மூட்டு நோய் எல்லாம் ஒன்றல்ல. வயதாக ஆக முழங்காலின் குருத்தெலும்பு தேய்வது ஒரு வகை. உடலின் காவற்படையே மூட்டைத் தாக்கி வீங்கச் செய்வது வேறு வகை. இரண்டாவதில் முக்கியமானதைத்தான் மருத்துவர்கள் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். நாம் முடக்குவாதம், சரவாங்கி என்கிறோம். இது முதியோர்க்கு மட்டும் வரும் நோயன்று. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, நம் உடலில் அணுக்கள் எப்படி மடிகின்றன என்பதை அறிய வேண்டும். அன்னதானப் பந்தியை நினைத்துப் பாருங்கள். உண்டு முடித்தவர் இலையை மடித்து வைக்கிறார். தொண்டர்கள் எடுத்துச் செல்கிறார்கள். அடுத்த பந்திக்கு இடம் தூய்மையாகிறது. அணுக்களும் பெரும்பாலும் இப்படித்தான் விடைபெறுகின்றன. உள்ளிருப்பது வெளியே சிந்தாமல் சுருங்கிச் சிறு பொட்டலங்களாகின்றன. துப்புரவு செய்யும் அணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. 1972இல் கெர், வில்லி, கர்ரி என்னும் மூன்று அறிஞர்கள் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. எலும்பு மச்சையில் ஒரு நாளில் ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் பிறக்கின்றன. அதே அளவு நாள்தோறும் மடிந்தும் போகின்றன. நமக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

இலையை மடிக்காமல் கிழித்து எறிந்தால் என்ன ஆகும்? சோறும் குழம்பும் சிதறும், ஈ மொய்க்கும். அணுக்களிலும் அத்தகைய சாவு உண்டு. 2004இல் ஜெர்மனியின் பெர்லின் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் சைக்ளின்ஸ்கி என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு வியப்பைக் கண்டறிந்தார்கள். நியூட்ரோபில் அணு தன் மரபுப்பொருளான டி.என்.ஏ.வை இழைகளாக வெளியே வீசி, வலைபோல் விரித்துக் கிருமிகளைச் சிக்கவைக்கிறது. பெரும்பாலும் அம்முயற்சியிலேயே அது மடிகிறது. கிருமியை எதிர்க்கும்போது இது வீரச்சாவு. கிருமியே இல்லாத மூட்டில் வலை விரிந்தால் அதுவே வினையாகிறது.

எப்படி என்றால், வலையை விரிக்கும்போது ஒரு நொதி அணுவின் புரதங்களில் உள்ள ஆர்ஜினைன் என்னும் பகுதியை சிட்ருலின் என்பதாக மாற்றுகிறது. வேடம் மாறிய இப்புரதங்கள் வலையோடு வெளியே வருகின்றன. மரபு வழியில் இந்நோய்க்கு ஆளாகக்கூடியவர்களின் காவற்படை, இவற்றை அந்நியர் என்று எண்ணி எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள்கள் மேலும் பல நியூட்ரோபில்களைத் தூண்டி மேலும் வலைகளை விரிக்கச் செய்கின்றன. இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் உருவாகிறது. வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இந்த எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் காண முடிவதுண்டு.

வெடித்துச் சாகும் வேறு வகைகளும் உள்ளன. துப்புரவு செய்ய வேண்டிய மேக்ரோபேஜ் அணுக்களே அவ்வாறு வெடித்தால் மூட்டழற்சி உண்டாகும் என்று 2019இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்று காட்டியது. இதற்கு நேர்மாறாக, மூட்டின் உள்ளுறையில் உள்ள சில அணுக்கள் சாக வேண்டிய காலத்திலும் சாகாமல் பெருகிக் குருத்தெலும்பை அரிக்கின்றன. ஆக, சாவு முறை தவறினாலும் துன்பம், சாவே வராவிட்டாலும் துன்பம்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. புகைபிடித்தலும் ஈறு நோயும் இந்தப் புரத மாற்றத்தோடு தொடர்புடையவை. எனவே சிகரெட்டை விடுவதும் பல்லைப் பேணுவதும் மூட்டுக்கும் காவலாகும்.

காலையில் எழுந்ததும் விரல்கள் மரத்துப்போய், பூத்தொடுக்கவோ சட்டைப் பொத்தானைப் போடவோ முடியாமல் அரைமணி நேரத்திற்கும் மேலாக விறைத்திருந்தால், இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கியிருந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். அறிகுறி தோன்றிய மூன்று மாதங்களுக்குள் முறையான சிகிச்சை தொடங்கினால் மூட்டு கோணிப்போவதைப் பெரிதும் தடுக்கலாம். அரிக்கப்பட்ட எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதோ மிகக் கடினம்.

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை இந்நோய்க்கு அடிப்படை மருந்தாக விளங்குகிறது. இதை மருத்துவர் சொன்னபடி வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இலண்டனில் மெய்னி, ஃபெல்ட்மன் ஆகிய இரு அறிஞர்கள் 1990களில் நிரூபித்த டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளும் பலருக்கு மறுவாழ்வு அளித்துள்ளன. அணுச்சாவையே நெறிப்படுத்தும் மருந்துகள் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளன.

"மூன்றே நாளில் வலி போகும்" என்று சந்தையில் விற்கும் பெயரில்லா மாத்திரைகளையும் பொடிகளையும் நம்ப வேண்டாம். அவற்றுள் சிலவற்றில் ஸ்டெராய்டு கலந்திருப்பதாக மலேசிய, சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்துள்ளனர். வலி அடங்கும், நோய் அடங்காது. நீண்ட நாள் உட்கொண்டால் எலும்பு பலமிழக்கும், சர்க்கரை ஏறும். வலி குறைந்ததும் மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

வீட்டில் அம்மாவோ மனைவியோ "கை விறைக்கிறது" என்று சொன்னால், "வயசாச்சு" என்று ஒதுக்கிவிடாமல் அடுத்த வாரமே கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். பிறருக்காக உழைத்த அந்தக் கைகளைக் காப்பது நம் கடமையாகும். அனைவரும் நலமுடன் வாழ்க.