பந்தாடு மகளிர்க்கு ஒரு களம்

பந்தாட்டம் தமிழ் மகளிர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் மகளிர் பந்தாடிப் பாடும் கந்துக வரி அமைந்துள்ளது. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் ஒருவரையொருவர் விஞ்சிப் பந்தடிக்கும் நங்கையரைக் காண்கிறோம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும் வசந்தவல்லியைப் பந்துடனேயே நம்முன் நிறுத்தினார். ஆயினும் அப்பந்து கையாற் புடைக்கப்பெறுவது. காலால் உதைத்து, பரந்த வெளியில் ஓடி ஆடும் ஆட்டத்துக்கு மகளிர் வந்தபோதுதான் வழக்கு எழுந்தது.

அவ்வழக்கு முதலில் எழுந்த இடம் இங்கிலாந்து. 1920ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் அரங்கில் டிக் கெர் தொழிற்சாலை மகளிர் அணியின் ஆட்டத்தைக் காண 53,000 மக்கள் திரண்டனர். மறு ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், இவ்வாட்டம் பெண்டிர்க்கு ஏற்றதன்று எனக் கூறி, ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்க்கு மூடிவிட்டது. அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். மகளிரின் காலை எவரும் கட்டவில்லை. களத்தின் கதவையே அடைத்தனர். களம் இன்றேல் ஆட்டமும் இல்லை என்பதை அடைத்தவர் நன்கு அறிந்திருந்தனர்.

நம் பகுதியில் அக்கதவு மிகப் பிந்தியே திறந்தது. தெற்காசிய நாடுகளின் மகளிர் உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கான முதற்போட்டி 2010ஆம் ஆண்டு பங்களாதேசத்தின் காக்ஸ் பசாரில் நடைபெற்றது. பின்னர் 2012இல் கொழும்பு, 2014இல் இஸ்லாமாபாத், 2016ஆம் ஆண்டின் இறுதியில் சிலிகுரி, 2019இல் விராட்நகர் என இடம் மாறி மாறி நிகழ்ந்தது. இவ்வைந்து முறையும் கிண்ணம் இந்தியாவுக்கே உரியதாயிற்று. 2017 ஜனவரியில் முடிவுற்ற சிலிகுரிப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவின் மூன்று கோல்களில் ஒன்றை அடித்தவர் இந்துமதி கதிரேசன். கடலூர் தந்த இந்நங்கை தமிழ்நாட்டுக் காவல் துறையிலும் பணியாற்றியவர்.

வென்றவரைப் போலவே தோற்றவரும் நினைக்கத்தக்கவர். 2024 வரை நிகழ்ந்த ஏழு போட்டிகளுள் ஆறில் இறுதியாட்டம் வரை வந்து, ஆறிலும் கிண்ணத்தை இழந்தது நேபாளம். இறுதி இரண்டு தோல்விகள் தன் தலைநகராம் காத்மாண்டுவில், தன் மக்கள் கண்முன்னே நேர்ந்தவை. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, தோற்றுப் புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனின் புகழை எடுத்துரைத்தவர் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். ஆறு முறை தோற்றும் மீண்டும் களம் புகுந்த நேபாள மகளிரைக் கண்டிருப்பின், அவர்க்கும் ஒரு பாட்டு ஈந்திருப்பார் அன்றோ!

2022இல் இந்தியாவின் தொடர்வெற்றி அறுபட்டது. நேபாளத்தை 3-1 என வென்று பங்களாதேசம் கிண்ணம் கொண்டது. 2024இலும் 2-1 என மீண்டும் வென்றது. இவ்வெற்றியின் வேரைத் தேடிச் செல்வோர் பெருநகரத்து அரங்குக்கன்று, மைமன்சிங் மாவட்டத்துக் கல்சிந்தூர் என்னும் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிக்கே செல்லல் வேண்டும். நாடளாவிய தொடக்கப் பள்ளிச் சிறுமியர் போட்டி அங்கு ஏற்படுத்தப்பட்டபோது, அப்பள்ளி ஆசிரியர் தம் மாணவியரைத் திரட்டிப் பயிற்றினார். பெற்றோர் தயங்கினர், ஊரார் நகைத்தனர். எனினும் அப்பள்ளி தேசியக் கிண்ணத்தை வென்றது. அச்சிறுமியருட் பலர் நாட்டின் அணியில் இடம்பெற்றனர். 2024 இறுதியாட்டத்தின் வெற்றிக் கோலை அடித்த ரிதுபர்ணா சக்மாவோ ரங்கமாதி மலைநாட்டுச் சிறுபான்மையினத்துப் பெண். 2025 ஜூலையில் மியன்மாருக்கு எதிராக அவர் அடித்த இரு கோல்களே, முதன்முறையாகப் பங்களாதேசத்தை ஆசியக் கிண்ணப் போட்டிக்கு இட்டுச் சென்றன.

திறந்த கதவு மீண்டும் மூடுவதும் உண்டு. 2012இல் கொழும்பில் அரையிறுதி வரை வந்த அணிகளுள் ஆப்கானிஸ்தான் ஒன்று. 2021இல் தலிபான் ஆட்சி மீண்டபின் அந்நாட்டு வீராங்கனையர் பலர் தாயகம் துறந்து அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் புகலிடம் தேடினர்.

இனி நம் நாட்டை நோக்குவோம். 2012, 2014, 2019 ஆகிய ஆண்டுகளில் இலங்கை அணி அரையிறுதியை அடைந்தது. அதற்கு மேற் செல்லவில்லை. திறமைக்குக் குறைவு உண்டு என்று கூறுவார்க்குத் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியரே விடையாவர். போரின் வடுவைச் சுமந்த மண்ணிலிருந்து எழுந்து, அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் அவர்கள் பெயர் நாட்டினர். அங்கும் ஒரு பள்ளி, ஒரு களம், விடாது பயிற்றிய ஆசிரியர் என்னும் மூன்றுமே முதலாய் நின்றன.

கண்டியில் வாழும் நமக்கு இச்செய்தி அயலதன்று. நகரிலே றகர் ஆட்டத்துக்கு நித்தவளை உண்டு. உதைபந்துக்குப் போகம்பறை உண்டு. ஆனால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களில் சமநிலம் காண்பதே அரிது, சரிவெல்லாம் தேயிலை. நாள்தோறும் ஏற்றத்தில் நடந்து பள்ளி வரும் அச்சிறுமியரின் கால்களில் உரம் இல்லை என்று எவர் கூறுவார்? பள்ளி விட்டதும் தம்பியைப் பார்க்கவும், தண்ணீர் சுமக்கவும், அடுப்பு மூட்டவும் அக்கால்கள் விரைகின்றன. பள்ளி முற்றத்தின் சிறுவெளியும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் வசமாகிறது.

ஆசிரிய நண்பர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். கிண்ணம் வெல்வது பின்னர் ஆகுக. வாரத்தில் ஒரு மாலை, அம்முற்றத்தைச் சிறுமியர்க்கென ஒதுக்கி ஒரு பந்தையும் கொடுப்போம். வீட்டாரைக் கண்டு இரண்டு நல்வார்த்தை பேசுவோம். கல்சிந்தூர் ஆசிரியரிடம் தொடக்கத்தில் இருந்தது இவ்வளவே.