சிற்றாற்று வெள்ளமும் இரத்தத்தின் நஞ்சும்

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு ஓடிவரும் சிற்றாற்றைப் பார்த்திருப்பீர்கள். தேங்கிய நீரில் மை தானாகவே பரவும், கூழாங்கல் அசையாது. வெள்ளம் வந்தால் கல்லும் உருண்டோடும்.

சிறுநீரகம் பழுதானோருக்குச் செய்யும் டயாலிசிஸிலும் ஏறத்தாழ இதே கதைதான். மூலக்கூறு எடை 60 உள்ள யூரியா, சவ்வின் நுண்துளைகள் வழியே எளிதில் விரவிச் சென்றுவிடும். எடை ஏறத்தாழ 11,800 உள்ள பீட்டா-2 மைக்ரோகுளோபுலினோ மிக மெதுவாகவே விரவும். ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி மூட்டுகளைக் கெடுக்கும். அதற்கு வெள்ளம்தான் வேண்டும்! பெருந்துளைச் சவ்வின் வழியே இரத்தத்தின் நீரை அழுத்தத்தால் இழுத்தால், அதுவும் உடன் வரும். இழந்த நீருக்கு ஈடாகத் தூய கரைசலை உடனுக்குடன் சேர்ப்பார்கள்.

1,360 நோயாளிகளைக் கொண்ட ஐரோப்பிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 30 மாதங்களில், வழக்கமான முறையில் நூற்றுக்கு 22 பேர் இறந்தனர். இம்முறையில் 17 பேர். ஆனால் அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்ட இண்டாக்சில் சல்பேட் இந்த வெள்ளத்துக்கும் எளிதில் அசைவதில்லை.