அதலைக்காயை அடையாளம் கண்டு வாங்குவோம்

ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்ததும் கரிசல் காட்டில் தானாகத் துளிர்த்துப் படரும் கொடி அதலை. யாரும் விதைப்பதில்லை, உரம் இடுவதில்லை. பூமிக்குள் இருக்கும் கிழங்கு ஈரம் கண்டதும் உயிர் பெறுகிறது. நம் புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். அதலைக்குப் பெயர் பெற்றவை கிழக்கே கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் நிலங்கள். சில மாதங்களே கிடைக்கும் காய் என்பதால் தேடி வரும் வாடிக்கையாளர் உண்டு. ஆகவே இதைக் கொள்முதல் செய்யும் நம் சிறு வியாபாரிகள் காயைச் சரியாக அறிந்திருப்பது அவசியம்.

அதலை வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாகற்காய்க்கு நெருங்கிய உறவு. தாவர நூலார் இதனை 'மொமார்டிகா சிம்பலேரியா' என்பர். தென்னிந்தியாவின் சொந்தக் கொடி. ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலும் சமைத்து உண்கிறார்கள்.

நல்ல காயின் அடையாளங்கள்

1. காய் ஓர் அங்குல நீளத்துக்கு மேல் போகாது. இரு முனையும் குறுகியிருக்கும். காம்பு சிறியது, வளைந்தது.

2. மேலிருந்து கீழாக எட்டு வரம்புகள் ஓடும். பாகலைப் போன்ற முண்டும் முடிச்சும் இராது.

3. கொடியோடு வந்தால் இலையைப் பாருங்கள். வட்டமான இலை, ஓரம் மழுங்கிய மடல்களாகப் பிரிந்திருக்கும். பூ வெளிர் மஞ்சள்.

கலந்து வரக்கூடியவை

மிதிபாகல்: சிறிய காய்தான். ஆனால் மேலெல்லாம் முள்போன்ற முண்டுகள், இலை ஆழமாக வெட்டுப்பட்டது. உண்ணத் தகுந்தது, கலந்தால் விலையில்தான் ஏமாற்றம்.

ஐவிரலி: வேலியில் படர்வது. உருண்டையான பச்சைக் காயில் வெள்ளைக் கோடுகள், பழுத்தால் சிவப்பு. சமையலுக்கு ஆகாது.

பேய்க்குமட்டி: தரையில் படர்வது. உருண்டை, வழவழப்பு, மேலே பட்டை பட்டையான கோடுகள். கடும் பேதியை உண்டாக்கும் நச்சுக் காய்.

சுருக்கமாகச் சொன்னால், உருண்டையாக வழவழவென்று கோடு போட்டிருந்தால் ஒதுக்குங்கள்.

கண்தான் தராசு

வெள்ளரி, சுரை முதலியவை கசந்தால் தூக்கி எறிந்துவிடுகிறோம். அக்கசப்பு இக்குடும்பத்துச் செடிகளில் உள்ள ஒருவகை நச்சின் அறிகுறி. 2010-இல் டில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்தார். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு, கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. அதலையிலோ நல்ல காயே கசக்கும். அதுதான் அதன் ருசி. அதனால் வேறு காய் கலந்திருந்தாலும் சமைக்கும் வீட்டார் நாக்கால் கண்டுபிடிப்பது கடினம். கடையில் நாம் கண்ணால் பிரித்தால்தான் உண்டு.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, யாரிடம் வாங்கியது என்று சொல்ல முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பாளி ஆவார். ஆகவே பறித்து வருபவர் பெயர், ஊர், தேதி, எடை நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நலம்.

இருப்பு வைக்கும் முறை

அதலையைக் கழுவி வைக்கக் கூடாது. தண்ணீரில் கிடந்தால் காய் வெடிக்கும். உலர்வாக வைத்தாலும் இரண்டு மூன்று நாளில் பிளந்து விதை தெரியத் தொடங்கும். எனவே சாக்கில் அமுக்கிக் கட்டாமல் கூடையில் பரப்பி, அன்றன்று விற்கும் அளவே வாங்குங்கள். மீந்ததை உடனே நறுக்கி உப்பிட்டுக் காயவைத்தால் வற்றலாகும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். களைக்கொல்லி தெளித்துக் கிழங்கு அழிந்தால் அடுத்த மழைக்கு அங்கே கொடி இராது. காய் கொண்டு வரும் விவசாயிகளிடம், வரப்போரக் கொடிகளையாவது விட்டுவைக்கச் சொல்வோம். பொறுக்கி, கலப்பின்றிக் கொண்டு வருபவருக்குக் கூடுதல் விலை கொடுப்போம். பிரிக்கும் வேலையில் பாதியை அவர்களே முடித்துத் தருவார்கள்.