சரக்கைப் பார்த்துத் தார்ப்பாய்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள பாலசமுத்திரம் வட்டாரம் விளைச்சலை நம்பி வாழும் பகுதி. ஜூன், ஜூலை மாதங்களில் கூழ் ஆலைகளுக்குப் போகும் கிளிமூக்கு மாங்காயும், கரும்பு அறுவடைக் காலத்தில் சந்தைக்குப் போகும் வெல்லமும், எல்லையைத் தாண்டிக் கோயம்பேடு வரை செல்லும் காய்கறியும் பெரும்பாலும் பிக்கப் வண்டிகளிலேயே ஏறுகின்றன. இவ்வண்டிகளின் பின்பகுதி திறந்தே இருப்பதால் வெயில், மழை, காற்று ஆகிய மூன்றிலிருந்தும் சரக்கைக் காப்பது மேலே போர்த்தப்படும் தார்ப்பாய் ஒன்றுதான். ஆயினும், வண்டி வாங்கும்போது எடை தாங்கும் திறனையும் மைலேஜையும் நுணுகிப் பார்ப்பவர்கள்கூடத் தார்ப்பாயை விலை, வண்டியின் அளவு ஆகிய இரண்டை மட்டும் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். வண்டியின் அளவைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டிய பொருளாக அது கருதப்படுவதே பல இழப்புகளுக்குக் காரணம். உண்மையில் அது சரக்கின் இயல்பைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட வேண்டியது.

இரண்டு வகை வண்டிகள், இரண்டு வகை மூடிகள்

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டில் தன் மாடல் டி வண்டியின் பின்பக்கத்தில் ஆலையிலேயே சரக்குப் பெட்டியைப் பொருத்தி விற்கத் தொடங்கியதிலிருந்து பிக்கப் அந்நாட்டில் பண்ணை வண்டியாகவும் குடும்ப வண்டியாகவும் வளர்ந்தது. அதற்கேற்ப, பக்கப் பலகைகளின் மேல்விளிம்போடு சமமாகப் படியும் தட்டையான மூடிகள் அங்கே பரவலாயின. சுருட்டக்கூடிய துணி மூடி, மூன்றாக மடியும் கடின மூடி, கண்ணாடியிழையால் ஆன கூடு என்று அவை பலவகைப்படும். அத்தகைய வண்டிகளுள் ஒன்றான இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், பாலசமுத்திரத்திற்கு அயலே இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீசிட்டி தொழில்நகரில், 2016 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஆலையிலேயே தயாராகிறது. பயணப் பைகளையும் கருவிகளையும் பலகை மட்டத்திற்குள் அடக்கிப் பூட்டி வைக்க விரும்புவோருக்கு இம்மூடிகள் ஏற்றவை.

ஆனால் பலகையைத் தாண்டிச் சரக்கு உயரும் வண்டிக்குத் தட்டையான மூடி பயன்படாது. 2005இல் அறிமுகமாகித் தமிழ் வழக்கில் ‘குட்டி யானை’ என்று பெயர் பெற்ற டாடா ஏஸ், 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலிரோ பிக்கப் ஆகியவை நாள்தோறும் உயரம் மாறும் சரக்கை ஏற்றுபவை என்பதால், மடித்தும் விரித்தும் எந்த உயரத்திற்கும் பொருத்தக்கூடிய தார்ப்பாயே அவற்றுக்குரிய மூடியாகிறது. நிலையான கூண்டு அமைக்க விரும்புவோர், கூண்டின் எடை ஏற்றக்கூடிய சரக்கின் எடையிலிருந்து கழியும் என்பதையும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நான்கு வகைத் துணிகள்

சந்தையில் கிடைக்கும் தார்ப்பாய்களை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, மெழுகு போன்ற நீர்விலக்கிப் பொருள் ஊட்டப்பட்ட பருத்திக் கேன்வாஸ். நனையும்போது இதன் நூலிழைகள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் மழைநீர் எளிதில் இறங்காது. உலர்ந்த நிலையில் ஓரளவு காற்று புகும். கனம் மிகுதி என்பதும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும் என்பதும் இதன் குறைகள். இரண்டாவது, உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் நாடாக்களை நெய்து இருபுறமும் மெல்லிய படலம் ஒட்டப்பட்டது. விலையும் எடையும் குறைவு, ஆனால் பலகை விளிம்பில் உராயும் இடங்களில் படலம் உரிந்து நீர் கசியும். மூன்றாவது, நெய்யப்படாமல், பல படலங்களை அவற்றின் இழுவைத் திசைகள் குறுக்கிடும்படி ஒட்டிச் செய்யப்படுவது. விவசாயிகள் ‘சில்பாலின்’ என்ற வணிகப் பெயராலேயே இதை அறிவர். ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் எளிதில் நீளாமை இதன் சிறப்பு. நான்காவது, பாலியெஸ்டர் துணியின்மீது பி.வி.சி. பூசியது, உராய்வைத் தாங்குவதில் இதுவே முதன்மையானது, கிழிந்த இடத்தைச் சூடான காற்றால் ஒட்டுப் போடவும் முடியும், எனினும் விலையும் எடையும் அதிகம், காற்று சிறிதும் புகாது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு இவற்றுக்குத் தனித்தனித் தரங்களை வகுத்துள்ளது. நெய்த பாலிஎத்திலீன் தார்ப்பாய்க்கு ஐ.எஸ். 7903, கேன்வாஸுக்கு ஐ.எஸ். 2089. கடைக்காரர்கள் சொல்லும் ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையைக் குறிக்கும். சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பியைக் கலந்தும் எடையைக் கூட்டலாம் என்பதால், எடை கூடுவது எப்போதும் வலிமை கூடுவதாகாது. ஆகவே வாங்குமுன் துணியை வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்து ஊசித்துளைகளாக ஒளி தெரிகிறதா என்று பார்ப்பதும், படலத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதும், கயிறு கோக்கும் உலோக வளையத்தை இரு விரலால் திருகிப் பார்ப்பதும் அவசியம். கிழிசல் பெரும்பாலும் வளையத்தைச் சுற்றியே தொடங்குவதால், ஓரம் இரட்டையாக மடிக்கப்பட்டு, மடிப்புக்குள் கயிறு வைத்துத் தைக்கப்பட்டோ ஒட்டப்பட்டோ இருக்க வேண்டும்.

அளவும் கட்டும்

அளவைக் கணக்கிடும் முறை எளிது. லோடு பாடி 9 அடி நீளமும் 5.5 அடி அகலமும் உடையது, தக்காளிப் பெட்டிகள் அதில் 3 அடி உயரத்திற்கு அடுக்கப்படுகின்றன என்று கொண்டால், நீளத்தோடும் அகலத்தோடும் உயரத்தின் இருமடங்கைக் கூட்ட 15 அடி, 11.5 அடி கிடைக்கும். கட்டுவதற்காக ஒவ்வொரு பக்கமும் ஓரடி விட்டால் 17 அடிக்கு 13.5 அடி தேவை. ஆயத்தமாகக் கிடைக்கும் 18 அடிக்கு 15 அடித் தார்ப்பாய் இதற்குப் பொருந்தும். இதன் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மீட்டர். எனவே 250 ஜி.எஸ்.எம். துணி ஆறேகால் கிலோவும், 600 ஜி.எஸ்.எம். துணி 15 கிலோவும் இருக்கும். ஓட்டுநர் ஒருவரே ஏறி விரித்துக் கட்ட வேண்டிய வண்டியில் இந்த வேறுபாடு சிறிதன்று. கட்டுவதற்குச் சிரமமான தார்ப்பாய் மழை பிடித்த பிறகுதான் வெளியே வரும்.

தேங்கும் நீரும் கணக்கில் சேர வேண்டியது. ஒரு சதுர மீட்டர் பள்ளத்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நீர் தேங்கினால் அதன் எடை 50 கிலோ; அது அடியில் உள்ள பழத்தை நசுக்குவதோடு துணியையும் இழுத்துக் கிழிக்கும். நடுவில் வளைகம்பியோ மூங்கிலோ வைத்து இருபுறமும் சரிவு ஏற்படுத்துவது இதனால்தான். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 40 கிலோமீட்டரில் அடங்கியிருந்த துணி 80 கிலோமீட்டரில் நான்கு மடங்கு விசையோடு அடித்துக்கொள்ளும். முன்பக்க மூலைகளை மடிக்கும்போது மடிப்பின் வாய் பின்னோக்கி அமைய வேண்டும். முன்னோக்கி இருந்தால் காற்று உள்ளே புகுந்து துணியைத் தூக்கிவிடும். நைலான் கயிறு நனைந்தால் சற்று நீள்வதாலும், குலுங்கிய சரக்கு சற்று அமுங்குவதாலும், புறப்பட்ட சில கிலோமீட்டரில் நிறுத்திக் கட்டை மறுபடி இறுக்குவது அனுபவம் உள்ள ஓட்டுநர்களின் வழக்கம்.

தார்ப்பாய் கட்டியிருப்பதாலேயே உயர வரம்பை மீறிய சரக்கு சட்டத்திற்கு உட்பட்டதாகிவிடாது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குக்கு 20,000 ரூபாய் அபராதம். தொங்கும் துணி பின்விளக்குகளையும் எண் பலகையையும் மறைக்காமல் இருக்கிறதா என்பதும் கவனிக்கப்பட வேண்டும்.

நிற்கும் வண்டியில் நேரும் கேடு

மேற்கூறியவை யாவும் ஓடும் வண்டியைப் பற்றியவை. ஆனால் மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் நாட்களில் வண்டிகள் கூழ் ஆலைகளின் வாயிலில் நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கின்றன. கேடு பெரிதும் நேர்வது அப்போதுதான். மாங்காயும் தக்காளியும் பறித்த பின்னும் சுவாசிப்பவை. அச்சுவாசத்தில் வெப்பமும் நீராவியும் வெளிப்படுகின்றன. பழுப்பதைத் தூண்டும் எத்திலீன் என்னும் வாயுவும் பழத்திலிருந்தே பிறக்கிறது. காற்றுப் புகாத கருநிறத் துணி வெயிலையும் உறிஞ்சி இவை அனைத்தையும் உள்ளே அடைத்துவிடுவதால், குவியலின் நடுப்பகுதி சூடேறி, துணியின் அடியில் நீர் துளிர்த்து, அழுகல் விரைந்து பரவுகிறது. மழையிலிருந்து காக்கவே போர்த்திய துணி சரக்கை உள்ளிருந்து நனைப்பது இவ்வாறே. பழச் சரக்குக்கு வெளிர் நிறத் துணியும், சரக்குக்கும் துணிக்கும் நடுவே காற்றோட்டம் தரும் கம்பி இடைவெளியும், மழையில்லா வேளையில் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு நிழல்வலையை மட்டும் விரிக்கும் வழக்கமும் வேண்டும்.

வெல்லத்தின் தேவை இதற்கு நேர் எதிரானது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும் தன்மையது; வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் அதைக் கொண்டுசெல்லும் வண்டிக்குக் காற்றும் புகாத கனத்த துணியே தகும், அதுவும் அடியில் ஒரு விரிப்போடு.

ஆகவே ஜூனில் மாங்காயும் டிசம்பரில் வெல்லமும் ஏற்றும் வண்டிக்காரர், எல்லாவற்றுக்கும் சேர்த்து விலையுயர்ந்த தார்ப்பாய் ஒன்றை வாங்குவதைவிட, சில்பாலின் போன்ற குறுக்கடுக்குப் படலத்தாலான வெளிர்நிறத் தார்ப்பாய் ஒன்றும் நிழல்வலையும் பழத்திற்காகவும், பி.வி.சி. பூசிய துணி ஒன்று வெல்லத்திற்காகவும் வைத்துக்கொள்வதே ஆதாயம். புற ஊதாக் கதிர் பாலிஎத்திலீனை நாளடைவில் நொறுங்கச் செய்வதால், பயன்படாத தார்ப்பாயை உலர்த்தி மடித்து நிழலில் வைத்தால், பருவத்திற்கு ஒன்றாக மாறி மாறி உழைக்கும் இவ்விரு தார்ப்பாய்களும் ஆண்டு முழுவதும் வெயிலில் கிடக்கும் ஒற்றைத் துணியைவிடக் கூடுதல் காலம் நிற்கும்.