கருவாட்டுப் புழுவும் விண்கல்லும்

எங்கள் தலவிலயில் கருவாடு காயப்போட்டால் உம்மா அதை வலையால் மூடுவார். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். அழுகும் மீனே புழுவாக மாறுவதில்லை, ஈயிட்ட முட்டைதான் புழுவாகிறது என்பது இன்று சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் பெரிய அறிஞர்களே ஒரு காலத்தில் மறுபக்கம் நின்றார்கள். 1668இல் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி இறைச்சியைச் சாடிகளில் இட்டு, சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். சிலவற்றைத் திறந்து வைத்தார். மூடிய சாடியின் இறைச்சி அழுகியது, புழு வரவில்லை. சுமார் இருநூறு ஆண்டுகளின் பின் லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களும் இப்படித்தான் என்று காட்டினார். உயிரிலிருந்தே உயிர் வருகிறது.

அப்படியானால் முதல் உயிர் எதிலிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கே வாழ்நாளைக் கொடுத்தவர்களில் ஒருவர் நம் நாட்டவர். 1923இல் காலி நகரில் பிறந்த சிறில் பொன்னம்பெரும முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தது மெய்யியல். இரசாயனத்துக்கு வந்தது அதன் பிறகுதான். (பாடத்துறை மாறினால் வாழ்க்கையே போச்சு என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.) அமெரிக்காவில் அவரும் உடன் ஆய்வாளர்களும் மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவையில் இலத்திரன் கற்றையைச் செலுத்தியபோது அடினீன் கிடைத்தது. நம் மரபணுவின் நான்கு எழுத்துகளில் ஒன்று அது.

1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. நாசாவில் அவருடைய குழு அதற்குள் அமினோ அமிலங்களைக் கண்டது. எடுத்தவர் கைவியர்வை ஒட்டியிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். விடை அழகானது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. உயிர்களின் புரதங்களில் இருப்பது இடக்கை வடிவம்தான். கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. புரதங்களில் இல்லாத சில வகைகளும் இருந்தன. ஆகவே அவை மனிதக் கையிலிருந்து வந்தவையல்ல. உயிரின் உதவியின்றி விண்வெளியிலேயே உருவானவை.

இவ்வளவுதான் நிறுவப்பட்டது. மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் மேசையில் இருந்தால் அது ரொட்டியாகாது. ரொட்டியையாவது நாம் சுட்டுவிடுவோம். உயிரற்ற பொருள்களை மட்டும் கொண்டு உயிருள்ள ஒரு கலத்தை இதுவரை எந்த ஆய்வுகூடமும் ஆக்கவில்லை. தன்னைச் சுற்றி மென்சவ்வு, உணவைச் சக்தியாக்கும் வழி, தன்னைப் போல இன்னொன்றைப் படியெடுக்கும் திறன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூட வேண்டும்.

உயிரியல் படிக்கிறேன் என்றதும் வாப்பா கேட்டார், "இதெல்லாம் படித்தால் ஈமானுக்குக் கேடு வராதா மகள்?" மண்ணிலிருந்து மனிதன் என்பது நம் வீட்டுக்குப் புதிய செய்தியா வாப்பா, என்றேன். எந்தெந்தப் படிகளால் என்று தேடுவதுதான் இரசாயனம். படைத்தவன் யார் என்பதைச் சோதனைக்குழாய் சொல்லாது.

நம்மவர்களும் இதற்கு அஞ்சியதில்லை. 1185இல் மறைந்த அந்தலூசிய மருத்துவர் இப்னு துபைல் "ஹய் இப்னு யக்ழான்" என்றொரு மெய்யியல் கதை எழுதினார். இந்தியத் தீவொன்றில் புளித்து நொதித்த களிமண்ணிலிருந்து ஹய் பிறந்தான் என்று ஒரு கூற்று. தாய் பெட்டியில் வைத்துக் கடலில் விட்ட குழந்தை என்று இன்னொன்று. இரண்டையும் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறார்.

ஹய்யை வளர்த்த மான் ஒருநாள் அசையாமல் கிடக்கிறது. கண், காது, கால் எல்லாம் பழுதின்றி இருக்கின்றன. எது போய்விட்டது என்று தேடி நெஞ்சைப் பிளக்கிறான். இதயத்தின் ஓர் அறையில் உறைந்த இரத்தம், மற்றது வெறுமை. தன்னை நேசித்தது அங்கேதான் இருந்து போயிருக்கிறது என்று முடிவு செய்கிறான்.

இன்று அந்தத் தேடல் மூளைக்கு மாறியிருக்கிறது. நரம்புக் கலங்களில் ஓடும் மின்சைகையை அளக்க முடிகிறது. மயக்க மருந்து கொடுத்தால் உணர்வு மறைவதும், மருந்து தெளிந்தால் திரும்புவதும் எந்தச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் நடக்கிறது. ஆனால் அந்தச் சைகை ஏன் வலியாக வலிக்கிறது, உம்மாவின் குரல் ஏன் உம்மாவின் குரலாகக் கேட்கிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் இல்லை. ஹய் பார்த்த அந்த வெற்றறை இன்னும் திறந்தபடிதான் கிடக்கிறது.